மென்ட்டராகப் பெயர் கொடுப்பதற்கு முன்

இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். ‘முதலாண்டு மாணவர்களுக்கு வழிகாட்ட விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். சான்றிதழ் வழங்கப்படும்.’ அன்று மாலைக்குள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவதற்கு இரண்டாவது வாக்கியம்தான் காரணம். அந்தப் பத்தில் நானும் ஒருவன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

படித்து முடித்து வேலைக்கு வந்தாகிவிட்டது. இந்த ஆண்டு மூன்றாம் ஆண்டுக்குப் போகிற என் சித்தி மகள் தொலைபேசியில் கேட்டாள்: “எங்கள் காலேஜில் மென்ட்டர் என்று நாலைந்து விதமாகப் பெயர் கேட்கிறார்கள் அண்ணா. எதில் சேரட்டும்?” அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இவற்றில் மூன்றை நானே செய்து பார்த்தேன். இன்னொன்றைப் பக்கத்து அறை நண்பன் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். நான் பார்த்தது பொறியியல் கல்லூரி. கலை அறிவியல் கல்லூரியில் பெயர்கள் மாறலாம், நடப்பது ஏறக்குறைய இதுதான்.

ஒப்பிடுவதற்கு எத்தனையோ அளவுகோல்கள் உண்டு: எவ்வளவு நேரம் போகும், சான்றிதழ் உண்டா, துறைத்தலைவருக்கு நம்மைத் தெரியவருமா. நான் எடுத்துக்கொள்வது வேறு. கேட்கக் கூச்சப்படுகிற ஜூனியர் இந்த வழியில் என்னிடம் வந்து சேருவானா? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். கல்லூரியில் சந்தேகம் கேட்கத் தெரிந்தவன் யாரிடமாவது கேட்டுப் பிழைத்துக்கொள்கிறான். அரியரோடு, அதாவது தேறாத பாடங்களோடு, நிற்பவன் அழத் தெரியாத பிள்ளை.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த அறிமுக நிகழ்ச்சி. பொறியியல் கல்லூரிகளுக்குத் தொழில்நுட்பக் கல்வியின் தேசிய அமைப்பான ஏஐசிடிஇ வகுத்த திட்டப்படி இது மூன்று வாரம். பிற கல்லூரிகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. காகிதத்தில் விளையாட்டு, கலை, மனித விழுமியங்கள், ஊர் சுற்றிப் பார்த்தல் என்று நன்றாகவே இருக்கும். நடைமுறையில் அரங்கத்தில் சொற்பொழிவு அதிகம். மென்ட்டரின் வேலை வரிசையில் நிற்க வைப்பது, ஆய்வகத்துக்கு அழைத்துப் போவது, தேநீர் டோக்கன் கொடுப்பது, வாட்ஸ்அப் குழு தொடங்குவது. காலை முதல் மாலை வரை நிற்க வேண்டும். ஆனால் கல்லூரி வேலையாகப் போனதாகக் கணக்கு வைக்கும் ஓ.டி. (ஆன் டூட்டி) கிடைத்துவிடுவதால் வருகைப்பதிவு போகாது.

இதை நான் மட்டமாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். இதன் முதல் நாள் ஒன்றே மற்ற இருபது நாட்களுக்குச் சமம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகனோடு வந்திருந்த ஓர் அம்மா ஜவுளிக்கடைப் பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னோர் உறை என்று சான்றிதழ்களைச் சுற்றி வைத்திருந்தார். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அலுவலகத்தில் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் ஊருக்கு பஸ் ஏறத் தயாராகிவிட்டார். இ-சேவை வழியாக வாங்கிய சான்றிதழ் என்றால், விண்ணப்ப எண் இருந்தால் மறுபடி அச்செடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன் நானும் அதே இடத்தில் விழித்துக்கொண்டு நின்றவன். விண்ணப்ப எண் அந்தப் பையனின் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக இருந்தது. எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வருமானச் சான்றிதழ், அரசின் உயர்கல்வி இணையத்தளத்தில் மாணவருக்குக் கிடைக்கும் யுமிஸ் எண், கல்வி உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது: இவையெல்லாம் பேராசிரியருக்குத் தெரியாது, எழுத்தருக்குச் சொல்ல நேரமிருக்காது. சீனியருக்குத்தான் தெரியும்.

சரி, அதன் பிறகு? மூன்று வாரம் முடிகிறது, வகுப்பு தொடங்குகிறது, முதல் இன்டர்னல் தேர்வு வருகிறது. உதவி வேண்டியது அப்போதுதான். மென்ட்டர் அதற்குள் தன் வகுப்புக்குப் போயிருப்பான். நான் தொடங்கிய குழுவில் இருபத்திரண்டு பேர். அதில் கடைசியாக வந்த செய்தி ஒரு பொங்கல் வாழ்த்துப் படம். கேட்கக் கூச்சப்படுகிறவன் இருபத்திரண்டு பேர் பார்க்கிற இடத்தில் கேட்பானா?

இரண்டாவது, ஆண்டு முழுவதும் குறிப்பிட்ட சிலரைக் கவனித்துக்கொள்ளும் மென்ட்டர். இதற்குப் பின்னால் நம் ஊரின் ஒரு துயரம் இருக்கிறது. 1996இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் யுஜிசி நாடு முழுவதற்கும் ராகிங் தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தபோது அதற்குள் ஒரு பிரிவாக ‘மென்ட்டரிங் செல்’லையும் சேர்த்தது. ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு மென்ட்டர், அப்படி ஆறு மென்ட்டர்களுக்கு மேல் வகுப்பில் ஒரு மென்ட்டர் என்று அதில் கணக்கே கொடுத்திருக்கிறது. எந்தச் சீனியரைக் கண்டு பயப்பட வேண்டியிருந்ததோ அதே சீனியரைக் காவலுக்கு நிறுத்தும் யோசனை அது. எனக்குப் பிடித்த யோசனைதான்.

ஆனால் ஆறு என்ற எண்ணைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். என்னிடம் பதினெட்டுப் பேரைக் கொடுத்தார்கள். ஆறு பேர் என்றால் கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். பதினெட்டுப் பேர் என்றால் பெயர் வாசித்து வருகை எடுக்கத்தான் முடியும். மாதம் ஒரு படிவம் உண்டு. ‘மாணவரின் குறைகள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் துறையில் எல்லோருக்கும் நிம்மதி.

என் பட்டியலில் தேனிப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த ஒருவன் இருந்தான். பார்க்கும்போதெல்லாம் “எல்லாம் நன்றாகப் போகிறதா?” என்று கேட்பேன். “நன்றாகப் போகிறது அண்ணா” என்பான். முதல் பருவ முடிவு வந்தபோது அவனுக்கு நான்கு அரியர். பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் கேட்ட கேள்விக்கு அவனால் வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியும்? முன்பின் தெரியாத ஒருவனை உன் மென்ட்டர் என்று நியமித்துவிட்டு, உன் பலவீனத்தை அவனிடம் போய்ச் சொல் என்றால் எந்தப் பையன் சொல்வான்? அந்த மாதப் படிவத்திலும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தேன். என் கையெழுத்து, என் தப்பு.

இந்த வழியில் சேருவதானால் எத்தனை பேர் என்பதையும், ஏதாவது கோளாறு என்றால் எந்த ஆசிரியரிடம் போவது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பத்துக்கு மேல் என்றால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பாடம், வாரம் ஒரு மணி நேரம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற படிப்புக் குழு. இதற்கு முறையான வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகம், கான்சஸ் சிட்டி வளாகம். 1973இல் டியானா மார்ட்டின் என்பவர் அங்கே தொடங்கியதைச் ‘சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்கிறார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அதன் சூட்சுமம் ஒரு சின்னத் திருப்பத்தில் இருக்கிறது. பலவீனமான மாணவர்களைப் பொறுக்கி எடுத்து உட்கார வைப்பதில்லை. கடினமான பாடங்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். முப்பது சதவீதத்துக்கு மேல் மாணவர்கள் தோற்கிற, மோசமான மதிப்பெண் வாங்குகிற அல்லது பாதியில் விட்டுவிடுகிற பாடம் எது என்று பார்த்து அதற்குக் குழு வைக்கிறார்கள். ஏற்கெனவே அந்தப் பாடத்தில் தேறிய மாணவர் மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு குழுவை நடத்துகிறார். அவர் பாடம் எடுப்பதில்லை, வந்தவர்களைக் கணக்குப் போட வைக்கிறார்.

குழுவுக்கு வருகிறவன் ‘நான் மக்கு’ என்று ஒப்புக்கொண்டு வருவதில்லை. பாடம் கடினம், அதனால் வருகிறான். முதல் மதிப்பெண் வாங்குகிறவனும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடையாது.

இரண்டாம் பருவத்தில் அரியர்க்காரர்களையும் சேர்த்து நானும் ஒரு நண்பனும் முதல் பருவத்து ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ பாடத்துக்குக் குழு தொடங்கினோம். மாலை ஐந்து மணி என்று வைத்தோம். நாலரைக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும் என்பது ஹாஸ்டலில் இருந்த எங்களுக்கு உறைக்கவே இல்லை. வெளியிலிருந்து வருகிறவர் ஒருவர்கூட இல்லாமல் இரண்டு வாரம் ஓடிய பிறகு மதிய இடைவேளைக்கு மாற்றினோம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே கணக்கு நடந்தது.

தேனிப் பையன் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். ஐகன் வேல்யூ கணக்கு. இரண்டுக்கு இரண்டு அணியின், அதாவது மேட்ரிக்ஸின், டிட்டர்மினன்டைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பேனா அசையவில்லை. அருகே போய்த் தமிழில் கேட்டேன்: “அணிக்கோவை தெரியுமில்லையா?” அரை நிமிடத்தில் விடையை எழுதிவிட்டான். பிளஸ் டூவில் ‘அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்’ என்ற பாடத்தைக் கரைத்துக் குடித்தவன் அவன். டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவை என்று ஒரு பருவம் முழுக்க யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. பேராசிரியர் இன்வெர்ஸ் என்றபோது நேர்மாறு அவன் நினைவுக்கு வரவில்லை. டெரிவேட்டிவ் என்றபோது வகைக்கெழுவும் வரவில்லை. தெரிந்த வீட்டுக்குள் கண்ணைக் கட்டி விட்டது போல நான்கு மாதம் உட்கார்ந்திருக்கிறான்.

அன்று மாலை ஒரு ஏ-4 தாளில் இரண்டு பத்தி போட்டோம். இடப்பக்கம் பள்ளிப் புத்தகத்துத் தமிழ்ச் சொல், வலப்பக்கம் கல்லூரியில் ஒலிக்கும் சொல். மொத்தம் நாற்பத்து மூன்று சொற்கள். அடுத்த வாரம் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம். பத்துப் பேருக்குத்தான் தேவைப்படும் என்று எண்ணினோம், முப்பது பிரதிகள் போய்விட்டன. ஆங்கிலவழியில் படித்தவர்களும் வாங்கிக்கொண்டு போனதால் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது வெளியே தெரியவில்லை. அந்தப் பையன் நான்கில் மூன்று அரியரை அடுத்த தேர்வில் முடித்தான். எங்களால்தான் என்று சொல்லமாட்டேன், அவன் படித்தான்.

இந்த வழியின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரக் குழுவுக்கு இரண்டு மணி நேரம் நாம் உட்கார வேண்டும். மறந்துபோன பாடம் திரும்பி வர அவ்வளவு ஆகும். தேர்வு நெருங்கினால் “இம்பார்ட்டன்ட் கேள்வி மட்டும் கொடுங்கள் அண்ணா” என்று ஆரம்பிப்பார்கள். ஒருமுறை கொடுத்துவிட்டால் அதன்பின் அதற்கு மட்டும்தான் வருவார்கள். ரெக்கார்டு நோட்டு எழுதித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. நாம் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடும் அபாயமும் இருக்கிறது. நான் ஒரு குறியை மாற்றிப் போட்டுப் பதினைந்து பேரின் நோட்டில் அது ஏறிவிட்டது. மறுவாரம் கரும்பலகையில் ‘போன வாரம் நான் தப்பு’ என்று எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன்.

மிசூரி முறையில் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் இருவரில் நன்றாக நடத்தியவன் நண்பன்தான். அவன் அதே பாடத்தில் ஒருமுறை தோற்று இரண்டாம் முறை எழுதித் தேறியவன். எந்த வரியில் கால் இடறும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு முதல் முறையே வந்துவிட்டதால், ஏன் வரவில்லை என்ற கேள்வியே விளங்கவில்லை.

ஹாஸ்டலில் மனம் சோர்ந்தவர்களுக்குத் துணையாக இருக்கும் மாணவர் என்று ஒரு பொறுப்பும் சில கல்லூரிகளில் உண்டு. பக்கத்து அறை நண்பன் இதில் இருந்தான். பகலில் ஒருவரும் வரமாட்டார்கள், இரவு பதினொன்றுக்கு மேல் கதவு தட்டப்படும். வீட்டு நினைவு, அறைத் தோழனோடு சண்டை, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமை என்பதோடு நின்றுவிட்டால் பொறுமையான எவரும் செய்யலாம். ஒருநாள் ஒரு ஜூனியர் அவனிடம் மிகவும் பயமூட்டுகிற ஒன்றைச் சொல்லிவிட்டு “யாரிடமும் சொல்லக் கூடாது” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். இவன் பத்து நாள் தூங்கவில்லை. நடு இரவில் எழுந்து போய் அந்த அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவான். கடைசியில் வார்டனிடம் சொன்னான். நல்லவேளையாக அந்தப் பையனை உரிய மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். சொன்னதற்காக அந்த ஜூனியர் என் நண்பனோடு ஒரு வருடம் பேசவில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை இந்தப் பொறுப்பைக் கொடுத்தவர்கள் அவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அரை நாள் பயிற்சிகூடத் தராமல் அடையாள அட்டை மட்டும் கொடுத்திருந்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் கல்லூரியில் இருந்து, அவர் பயிற்சி தந்து, இரவிலும் அழைக்கலாம் என்று எண் கொடுத்திருந்தால் மட்டும் இதில் சேரலாம். இல்லையென்றால் சேர வேண்டாம், யார் வற்புறுத்தினாலும். எந்த வழியில் சேர்ந்தாலும் இரண்டு எண்கள் கைப்பேசியில் இருக்கட்டும்: டெலி-மானஸ் மனநல உதவிக்கு 14416, ராகிங் புகாருக்கு 1800-180-5522.

எதிலுமே பெயர் கொடுக்காமல் சும்மா ஒரு சீனியராக இருந்துவிட்டுப் போகிறேன் என்பவர்களும் உண்டு. பழைய புத்தகத்தைக் கொடுப்பது, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எந்த ஆசிரியர் எப்படி என்று சொல்வது. கூச்சக்காரன் ‘என் ஊர்க்காரர்’ என்ற உரிமையில் இங்கே தயங்காமல் பேசுவான். என் அளவுகோலின்படி இதற்கு முதலிடமே கொடுக்கலாம், ஒரு குறை இல்லாவிட்டால். ஊர்க்காரர், அதே ரூட் பஸ், அதே பள்ளி என்று போகிற இந்த வட்டம் நம் ஊரில் பல நேரம் சாதி வட்டமாகவும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன் ஊரிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனுக்கு எந்த ஊர்க்காரச் சீனியர் இருக்கிறார்? பட்டியல் போட்டுப் பிரித்துக்கொடுக்கும் முறையைக் குறை சொன்ன நான் இந்த ஒன்றுக்காக அதற்கு வணக்கம் சொல்கிறேன். பதினெட்டுப் பேர் கொண்ட பட்டியல் இல்லாவிட்டால் தேனிப் பையனின் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

சான்றிதழ்தான் குறி என்றால் இவை எதற்கும் போக வேண்டாம், நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) இருக்கிறது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். கணக்குத் தெளிவானது, யாருடைய அரியரும் நம் மனத்தை அறுக்காது. வேலைக்கான நேர்காணலில் என் மென்ட்டர் சான்றிதழை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அணியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது, மதிய டிபன் புண்ணியத்தில் சொல்லிவிட்டேன்.

சித்தி மகளுக்குச் சொன்னது இது: அறிமுக நிகழ்ச்சிக்கு முதல் மூன்று நாள் மட்டும் போய் நில், சான்றிதழ் வேலைகளில் கைகொடு, முகங்களைத் தெரிந்துகொள். பிறகு ஒரே ஒரு பாடத்துக்குக் குழு வை, பஸ் நேரத்தையும் உன் ஹாஸ்டல் கதவு சாத்தும் நேரத்தையும் பார்த்து. பத்துப் பேருக்குமேல் இல்லை என்றால் ஆண்டு மென்ட்டருக்கும் பெயர் கொடுக்கலாம். “எல்லாம் நன்றாகப் போகிறதா?” என்று மட்டும் கேட்காதே. “இந்த வாரம் எந்த வகுப்பில் தூக்கம் வந்தது?” என்று கேட்டுப் பார்.

“எனக்கு ஃபிசிக்ஸ்தான் வரும் அண்ணா. கணக்கில் எனக்கே அரியர் இருந்தது” என்றாள்.

கணக்கையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பத்தித் தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். ‘தொகையிடல்’ என்பதில் ஒரு கொம்பு விட்டுப்போயிருக்கிறது, ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் திருத்திக்கொள்வாள்.